வாசகர் வட்டம் தொடங்கப் போகிறீர்களா? நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்

பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காத அவஸ்தை, படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் "இதைக் கேளேன்" என்று ஆரம்பிப்போம். அவர் அரைக் காதோடு கேட்டுவிட்டு, "நல்ல கதைதான்" என்று கைப்பேசியை எடுப்பார். அந்த ஆற்றாமையில்தான் நான் முதல் வாசகர் வட்டத்தைத் தொடங்கினேன். இரண்டே கூட்டத்தில் படுத்துவிட்டது. இரண்டாவது முயற்சி நான்கு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து அதுவும் போனது. இப்போது நடப்பது மூன்றாவது வட்டம். இது மூன்றாம் ஆண்டு.

முதல் இரண்டும் ஆர்வம் இல்லாமல் சாகவில்லை. ஆர்வம் கரைபுரண்டு ஓடியது. தேதி, பிரதி, அனுமதிக் கடிதம், கணக்கு நோட்டு, இவைதான் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் வாசிப்பின் மேன்மை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எதை எப்போது செய்வது, எதற்குக் காசு ஆகும், எங்கே கால் இடறும் என்பது மட்டும்தான்.

1. முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். செலவு ஒன்றும் இல்லை, மூன்று நாள் போதும். படிக்கப்போகும் வகையைச் சேர்ந்த ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, 10 பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள், களைத்துப்போன இரவில் ஒரு நாள். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள்.

எனக்கு 10 பக்கத்துக்கு 25 நிமிடம் வந்தது. அப்படியானால் 280 பக்க நாவலுக்கு 700 நிமிடம், அதாவது 11 மணி 40 நிமிடம். தினமும் அரை மணி நேரம் படித்தால் 24 நாள். காய்ச்சல், விருந்தாளி, வேலை நெருக்கடி என்று ஒரு வாரம் சேர்த்தால் 31 நாள். ஆக, இரண்டு கூட்டங்களுக்கு இடையே 5 வாரம் வேண்டும்.

முதல் வட்டத்தில் நான் வைத்த இடைவெளி இரண்டு வாரம். பாதிப் பேர் படிக்காமல் வந்தார்கள், மீதிப் பேர் படித்து முடித்ததுபோல் நடித்தார்கள். படிக்காமல் வந்து ஒருமுறை கூச்சப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். வேலை வந்துவிட்டது என்பார். வேலை எதுவும் வந்திருக்காது.

இன்னொரு சின்னப் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள். பக்க அடையாளத்துக்கு அழகான அட்டை எதுவும் வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு போதும். படிக்கும்போது மனதைத் தைத்த இடத்தின் பக்க எண்ணையும், ஏன் என்று இரண்டு மூன்று சொல்லையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். "112, அம்மாவின் பொய்." இவ்வளவுதான். பேருந்தில் நின்றுகொண்டு படித்தாலும் எழுதிவிடலாம். கூட்டத்தை நடத்துவதற்கும் சிற்றிதழ் போடுவதற்கும் பிற்பாடு இந்தச் சீட்டுதான் உதவும்.

2. நான்கு பேர் போதும்

என் முதல் வாட்ஸாப் குழுவில் 43 பேர். எல்லாரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள், நான்கைந்து பேர் இதயம்கூடப் போட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் 5 பேர், என்னையும் சேர்த்து.

"ஆர்வம் உள்ளவர்கள் சொல்லுங்கள்" என்று பொதுவில் கேட்காதீர்கள். ஆர்வம் இல்லை என்று யார் சொல்வார்கள்? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, தேதியும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்: "அடுத்த மாதம் முதல் ஞாயிறு, மாலை 4 மணி முதல் 5.30 வரை. வரமுடியுமா?" இதற்கு வரும் பதிலில்தான் உண்மை இருக்கும். நான்கு பேர் சரி என்றால் தொடங்கிவிடலாம்.

உச்சவரம்பும் வேண்டும். 90 நிமிடக் கூட்டத்தில் 10 பேர் இருந்தால் ஆளுக்கு 9 நிமிடம். 20 பேர் என்றால் நாலரை நிமிடம்தான், அதற்குள் தொண்டையைச் செருமி முடிப்பதற்கே சரியாக இருக்கும். 12 பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். பிரிய மனம் வராது, தெரியும். இருந்தாலும் பிரியுங்கள்.

குழுவில் கட்டாயம் வேண்டிய விதி ஒன்றே ஒன்று. புத்தகத்தைப் பற்றி யார் செய்தி போட்டாலும் முதல் சொல்லாக அத்தியாய எண்ணை எழுத வேண்டும். "அத். 14:" என்று தொடங்கினால், அதுவரை வராதவர் தாண்டிப் போய்விடுவார். இந்த விதி இல்லாத காலத்தில் ஒருவர் காலை 7 மணிக்கு, "ஐயோ, அவனைக் கொன்றுவிட்டார்களே!" என்று போட்டார். அன்றைக்கு மூன்று பேர் குழுவை விட்டு விலகினார்கள்.

3. முதல் புத்தகம்: உங்களுக்கு உயிரான புத்தகம் வேண்டாம்

எல்லாரும் செய்யும் தப்பு, வாழ்க்கையையே மாற்றிய புத்தகத்தை முதலில் வைப்பது. நானும் வைத்தேன். ஒருவர் "கொஞ்சம் இழுவை" என்றார். எனக்கு முகம் மாறியது, எல்லாருக்கும் தெரிந்தது, அப்புறம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. உயிரான புத்தகம் நான்காவது, ஐந்தாவதாக வரட்டும். அதற்குள் ஒருவர் ரசனை மற்றவருக்குப் பழகியிருக்கும்.

முதல் புத்தகத்துக்கு நான் பார்ப்பது இவை: 300 பக்கத்துக்குள் இருக்க வேண்டும், இப்போது அச்சில் இருக்க வேண்டும், உங்களில் ஒருவர் ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். அச்சில் இல்லாத புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆறு பேருக்கு ஒரே ஒரு பழைய பிரதியைச் சுற்றுக்கு விட்ட அனுபவமும் எனக்கு உண்டு. மூன்றாவது ஆளிடம் போய் அது நின்றுவிட்டது.

அடுத்து, பதிப்பு. எல்லாரும் கோட்டைவிடும் இடம் இது. ஒரே தலைப்பில் முழு நூலும் இருக்கும், சுருக்கப்பட்ட பதிப்பும் இருக்கும். மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் செய்த மொழிபெயர்ப்புகள் இருக்கலாம். எங்கள் கூட்டம் ஒன்றில் இரண்டு பேர் ஒரு காட்சியைப் பற்றிக் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் பார்த்தால் ஒருவர் கையில் இருந்தது சுருக்கப் பதிப்பு. அந்தக் காட்சியே அதில் இல்லை.

இதைத் தவிர்க்கப் பின்னட்டையில் பார்கோடுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பகிருங்கள். 2007 முதல் அது 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்கும். பதிப்பு மாறினால் எண் மாறும். கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். "நீல அட்டை போட்டது" என்று சொன்னால் கடைக்காரர் வேறு நீலத்தை எடுத்துக் கொடுப்பார், எண்ணைச் சொன்னால் குழப்பம் வராது. மிகப் பழைய பதிப்புகளில் இந்த எண்ணே இருக்காது. அப்போது பதிப்பகம், பதிப்பாண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்க எண் மாறிவிடும். ஆகவே பேச்சில் எப்போதும் அத்தியாய எண்ணையே சொல்லிப் பழகுங்கள்.

4. பிரதிகளும் காசும்

வட்டத்துக்கு ஆகும் உண்மையான செலவு புத்தகம்தான். மற்றதெல்லாம் சில்லறை. ஆகவே குறைந்த செலவில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள்.

முதலில் நூலகம். எத்தனை பிரதி இருக்கிறது, இரவல் காலம் எத்தனை நாள், ஒருமுறை நீட்டிக்கலாமா என்று கேளுங்கள். இரவல் 14 நாள், உங்களுக்குத் தேவை 31 நாள் என்றால் நீட்டிப்பு இல்லாமல் முடியாது. நூலக உறுப்பினராவதற்குப் பெரும்பாலும் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் கேட்பார்கள், சில இடங்களில் வைப்புத்தொகையும் உண்டு. வைப்புத்தொகை கட்டினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப வாங்கும் நாளில் அதைத்தான் கேட்பார்கள்.

அடுத்து பழைய புத்தகக் கடை. வாங்கும்போது பக்கங்களைச் சரசரவென்று ஒருமுறை புரட்டி, நடுவில் ஒரு பாரம் (சேர்த்துத் தைத்த பக்கக் கட்டு) காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். புத்தகங்கள் 8 அல்லது 16 பக்கக் கட்டுகளாகத் தைக்கப்படுவதால், போனால் கொத்தாகத்தான் போகும். என் பிரதி ஒன்றில் 96-க்கு அடுத்து 113 இருந்தது.

புதிதாக 10 பிரதி வாங்குவதாக இருந்தால் பதிப்பகத்துக்கே எழுதுங்கள். மொத்தமாக எடுப்பவர்களுக்குத் தள்ளுபடி தருகிறார்களா, அனுப்பும் செலவு யாருடையது, எத்தனை நாளில் வரும் என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டு, விலைப்புள்ளியை எழுத்தில் வாங்குங்கள். தள்ளுபடியை அனுப்பும் செலவு தின்றுவிடுவதும் உண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், புத்தகம் கைக்கு வரும் வரை கூட்டத் தேதியை அறிவிக்காதீர்கள். எனக்கு வந்த பொட்டலம் 19 நாள் தாமதம். அறிவித்த தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தேன், மூன்றாவது தேதிக்கு யாரும் வரவில்லை.

குழுவில் பார்வைக் குறைபாடு உள்ளவர் இருந்தால் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களை அப்படியே அடுக்கிய பிடிஎஃப், திரைவாசிப்பான்களுக்கு (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) வெறும் படம், எழுத்தாக மாற்றாமல் வாசிக்காது. இபப் என்ற மின்னூல் வடிவமோ ஒலிநூலோ வேண்டும். அச்சு நூலை அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்ற வடிவில் ஆக்கிக்கொள்ள மராகேஷ் உடன்படிக்கை வழிசெய்கிறது. 2013-ல் ஏற்கப்பட்டு 2016-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. அதில் சேர்ந்த நாடுகளில் பார்வையற்றோருக்கான நூலகங்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். ஒலிநூல் கேட்பவரும் படித்தவர்தான், அதில் விவாதம் வேண்டாம்.

உறுப்பினர் கட்டணம் வசூலிக்காதீர்கள். அறை வாடகை, நகல் செலவு வந்தால் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அன்றைக்கே பிரித்துக்கொள்ளட்டும். ஒரு 40 பக்க நோட்டில் தேதி, செலவு, யார் கொடுத்தது என்று எழுதி இருவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தொகை சின்னது என்று எழுதாமல் விட்டுத்தான் எங்கள் இரண்டாவது வட்டத்தில் மனக்கசப்பு வந்தது.

5. இடம்: வாய்வார்த்தையை நம்பாதீர்கள்

வீடுகளில் மாறி மாறி வைக்கலாம் என்பார்கள். முதல் இரண்டு கூட்டத்துக்குச் சரி. அப்புறம் யார் வீட்டில் என்ற கேள்வி வரும், வீட்டைக் கூட்டிப் பெருக்கும் சுமை ஒருவர் தலையிலேயே விழும். நூலக அறை, பள்ளி வகுப்பறை, சமூகக் கூடம் என்று பொது இடம் ஒன்றைப் பிடிப்பது நல்லது.

ஒரு பொது இடத்தில் பொறுப்பாளர் "தாராளமா வாங்க" என்றார். நாங்கள் 11 பேர் போய் நின்றபோது உள்ளே வேறொரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம், கூட்டம் நன்றாகவே நடந்தது என்பது வேறு விஷயம். மழை வந்திருந்தால்?

குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் கடிதம் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா/அம்மா, வணக்கம். நாங்கள் 10 பேர் கொண்ட வாசகர் வட்டம். வரும் (தேதி) ஞாயிறு மாலை 4 முதல் 5.30 மணி வரை ஒரு நாவலைப் பற்றிக் கலந்துரையாட, தங்கள் சிறு அறையைப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம். நுழைவுக் கட்டணம், விற்பனை, ஒலிபெருக்கி எதுவும் இல்லை. நாற்காலிகளை நாங்களே ஒழுங்குபடுத்தி வைத்துவிடுவோம். தொடர்புக்கு இருவர் பெயரும் எண்ணும் கீழே."

விற்பனை இல்லை, ஒலிபெருக்கி இல்லை என்ற வரியை விடாதீர்கள், இடம் கொடுப்பவருக்குப் பயம் அதில்தான். இரண்டு படி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. சாவி யாரிடம் இருக்கும் என்பதை அப்போது கேட்டுவிடுங்கள். சாவி இல்லாமல் நின்ற கதை தனி.

6. கூட்டம்

90 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். "சரி, யார் ஆரம்பிக்கிறீங்க?" என்று தொடங்கினால் மௌனம்தான் வரும், அல்லது எப்போதும் பேசுகிறவர் பேசுவார். இங்கேதான் துண்டுச் சீட்டு. எல்லாரும் தங்கள் சீட்டை மேசையில் வைப்பார்கள், அவரவர் சீட்டிலிருந்து ஒரு வரியை மட்டும் வாசிப்பார்கள். விளக்கம் கூடாது. முதல் சுற்று 10 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டுச் சீட்டில் மூன்றில் 112 இருந்தது. ஒருவர் "அம்மாவின் பொய்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "இது பொய் இல்லை" என்று எழுதியிருந்தார். மூன்றாவது சீட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும், எழுதியவர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத ஒரு பெண். "நீங்க சொல்லுங்க" என்றோம். புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியை மெதுவாக வாசித்தார். வாசித்து முடிக்கும்போது "பொய்" என்று எழுதியவர், "ஆமாம், நான்தான் வேகமாகப் போய்விட்டேன்" என்றார். அன்று மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தோம். கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு போன கூட்டங்களில் இப்படி ஒன்றுகூட நடந்ததில்லை.

படித்து முடிக்காதவர்கள் வரலாம். ஆனால் முடிவைப் பற்றிய பேச்சு கடைசி அரை மணி நேரத்தில்தான். அதற்கு முன் அவர்கள் எழுந்து போகலாம், யாரும் தப்பாக நினைக்கக்கூடாது. அதிகம் பேசுகிறவருக்கு நேரக்காப்பாளர் வேலையைக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மருந்து கிடையாது.

கலையும் முன் அடுத்த தேதியையும் அடுத்த புத்தகத்தையும் முடிவு செய்துவிடுங்கள். "குழுவில் பேசிக்கொள்ளலாம்" என்று கிளம்பினால் முடிவே ஆகாது.

7. புத்தகத்துக்கு ஒரு நாள்

நான்கைந்து கூட்டம் ஓடியபின் கொண்டாடத் தோன்றும். உடனே எல்லாரும் சொல்வது ஏப்ரல் 23, யுனெஸ்கோ 1995-ல் அறிவித்த உலகப் புத்தக நாள். நல்ல நாள்தான். ஆனால் அன்றைக்கு நூலகங்களுக்கே நிகழ்ச்சி இருக்கும், அறை கிடைக்காது. அந்த நாளில் தனியாகச் செய்வதைவிட நூலகத்தின் நிகழ்ச்சியில் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்வது எளிது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பே கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி, கொண்டாடும் நாளைப் புத்தகத்துக்குள்ளிருந்தே எடுப்பது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் கதை 1904 ஜூன் 16 அன்று டப்ளின் நகரில் நடக்கிறது. ஆண்டுதோறும் அதே தேதியில் ரசிகர்கள் பாத்திரங்கள் நடந்த தெருக்களில் நடந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். இன்னொரு கூட்டம் மே 25 அன்று தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறது. அவர்களுக்குப் பிடித்த, டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்ற விண்வெளி நகைச்சுவை நாவலில், பயணிக்கு மிகவும் பயனுள்ள பொருள் துண்டுதான். எழுத்தாளர் இறந்த இரண்டு வாரத்தில், 2001-ல், தொடங்கியது இது. செலவு என்ன? வீட்டில் இருக்கும் ஒரு துண்டு. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் கேட்பார், கேட்டால் பேச்சுத் தொடங்கும். அன்றாட வாழ்க்கையில் ரசிகராக இருப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

நீங்களும் புத்தகத்தில் ஒரு தேதியோ பொருளோ தேடுங்கள். குடை, சாவி, மூக்குக்கண்ணாடி, ஒரு நிறம், ஏதாவது இருக்கும். எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கும் பொருளாகப் பாருங்கள். நாங்கள் முதல் முறை பாத்திர வேடம் என்று வைத்தோம். உடை தைக்க ஆன காசில் ஆளுக்கு நான்கு புத்தகம் வாங்கியிருக்கலாம். வேடம் போட முடியாத மூன்று பேர் வரவே இல்லை.

படம் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் ஒரு வரி சம்மதம் வாங்குங்கள்.

8. ஒரே தாளில் எட்டுப் பக்கச் சிற்றிதழ்

கொண்டாட்டத்துக்கு நினைவுப் பரிசு என்று கோப்பை, சட்டை என்று போகாதீர்கள். ஒரு ஏ4 தாள் போதும். பசை வேண்டாம், பின் வேண்டாம்.

தாளைப் படுக்கைவசமாக வைத்து, நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். அப்புறம் குறுக்கே பாதியாக ஒரு மடிப்பு, அதே திசையில் இன்னொரு மடிப்பு. விரித்தால் மேலே 4, கீழே 4 என்று எட்டுக் கட்டம் தெரியும். இப்போது குறுக்கே ஒரு மடிப்பு மட்டும் போட்டு, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டு வழியே அடுத்த மடிப்புக்கோடு வரை கத்தரியுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். விரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்குக் கீறல் இருக்கும். மறுபடி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாயைத் திறக்கும், தாள் கூட்டல் குறிபோல் நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் கையில் ஒரு குட்டிப் புத்தகம், சுமார் 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம்.

வெற்றுத்தாளில் முதலில் ஒன்று செய்து, பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போட்டு, விரித்துப் பாருங்கள். ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக இருக்கும். எங்கே எது வரவேண்டும் என்பதற்கு அதுதான் வரைபடம். நான் இதைச் செய்யாமல் எட்டுக் கட்டத்தையும் நேராக எழுதி 30 நகல் எடுத்தேன். மடித்தால் பாதி இதழைத் தலையைத் திருப்பித்தான் படிக்க வேண்டியிருந்தது.

அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தாளின் விளிம்பு வரை அச்சடிக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றிலும் 7, 8 மி.மீ. விட்டுவிடுங்கள். கணினியில் தட்டச்சு செய்தால் யூனிகோட் எழுத்துருவில் செய்து, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆக மாற்றி, இன்னொருவர் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு நகல் கடைக்குப் போங்கள். இல்லையென்றால் கடைக்காரரின் கணினியில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும். கையால் எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை. அடர்கறுப்புப் பேனாவாக மட்டும் இருக்கட்டும், நீலம் நகலில் மங்கும்.

உள்ளே என்ன போடுவது? ஆண்டு முழுவதும் சேர்ந்த துண்டுச் சீட்டுகள்தான். ஆறு பக்கத்துக்கு ஆறு சீட்டு, முன்னட்டை, பின்னட்டை. ஒரு பக்கம் மட்டும் நகல் எடுப்பதால் செலவு ஒரு தாளுக்கு ஒரு நகல்தான். ஒரு மாலையில் 20 இதழ் மடித்துவிடலாம்.

9. பதிப்புரிமை

தலையைச் சொறிய வைக்கும் பகுதி, ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள்.

பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கைப்படி எழுத்தாளர் இறந்தபின் குறைந்தது 50 ஆண்டு உரிமை நீடிக்கும். பல நாடுகளில் அது 60 அல்லது 70. இறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, அதற்கு அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் எண்ண வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் எத்தனை ஆண்டு என்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பொறி மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மூலநூல் உரிமை முடிந்திருக்கும், நீங்கள் படிக்கும் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் உரிமை உயிரோடு இருக்கும். அட்டை ஓவியத்துக்கும் உள்படங்களுக்கும் அப்படியே. பழைய நூல்தானே என்று அட்டையைச் சுவரொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

சில வரிகளை எழுத்தாளர் பெயர், நூல் பெயரோடு மேற்கோள் காட்டுவது வேறு, அத்தியாயத்தை நகலெடுத்து விநியோகிப்பது வேறு. பத்துப் பேர் உட்கார்ந்து மாறி மாறி வாசிப்பது வேறு, அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது வேறு. இரண்டாவது வகைக்கெல்லாம் பதிப்பகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த நூல், எந்தப் பகுதி, எத்தனை பிரதி, எங்கே வெளியாகும், விலை உண்டா என்று ஐந்தையும் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் காத்திருக்கத் தயாராக இருங்கள். பதில் வராதது சம்மதம் ஆகாது.

பிடித்த பாத்திரங்களை வைத்து நாமே கதை எழுதும் ரசிகர் புனைவு பற்றிப் புதியவர்கள் நிறையக் கேட்கிறார்கள். "காசு வாங்கவில்லையே" என்பது எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் வாதம் இல்லை. எழுத்தாளர்கள் சிலர் இது பற்றித் தங்கள் தளத்திலேயே நிலைப்பாட்டைச் சொல்லியிருப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள். வட்டத்துக்குள் வாசித்து மகிழ்வது ஒன்று, பாத்திரத்தின் படம் போட்ட சட்டையை விற்பது முற்றிலும் வேறு. விற்பனை என்று வந்தால் நிறுத்திவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் முன்கூட்டித் தரும் அனுமதி) வந்த படைப்பு என்றால் உரிமத்தின் குறியைப் படியுங்கள். "என்டி" (ND) என்று இருந்தால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது, "என்சி" (NC) என்று இருந்தால் வணிகம் கூடாது.

10. இரவல் ரெஜிஸ்டர்

வட்டம் ஓராண்டு ஓடினால் புத்தகங்கள் சேர்ந்துவிடும். கேட்பார்கள், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: நூல், வாங்கியவர், கொடுத்த தேதி, திரும்ப வரவேண்டிய தேதி, வந்த தேதி. வாங்குபவரே தன் கையால் எழுத வேண்டும். நாம் எழுதினால் அது நம் கணக்கு, அவர் எழுதினால்தான் அவர் வாக்கு. காலம் 35 நாள். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். தேதி தாண்டினால் குழுவில் போட்டு அவமானப்படுத்தாதீர்கள், தனியாக ஒரு செய்தி போதும்.

கிழிந்து வந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் மஞ்சளாகிப் பிசின் தாளில் இறங்கிவிடும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் மேல். அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் உச்சியைப் பிடித்து இழுக்காமல், இரு பக்கத்துப் புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள்.

ரெஜிஸ்டர் வைத்தும் போகிற புத்தகம் போகும். எங்கள் நோட்டில் வந்த தேதி எழுதாமல் ஆறு வரி காலியாகக் கிடந்தது. அதில் ஒன்று, அந்த 112-ஆம் பக்க நாவல், போன மாதம் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அட்டை மடங்கியிருந்தது. உள்ளே என் பழைய துண்டுச் சீட்டு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், "112 இருக்கட்டும், 187 பாருங்கள்" என்று எழுதியிருந்தது. வாங்கிப்போனவரின் கையெழுத்து இல்லை அது. அவர் அக்காவுக்குக் கொடுத்திருந்தாராம். ரெஜிஸ்டரில் வந்த தேதியைப் போட்டுவிட்டு 187-ஐத் திறந்தேன். அக்கா அடுத்த கூட்டத்துக்கு வருகிறார்.